பதினோரு வரிகளில் ஒரு லைரா

ராணுவ பேண்டு வாத்தியக்காரர்களின் சட்டைப் பட்டையில் அது இருக்கும். இசைக்கல்லூரி முத்திரைகளில் இருக்கும். கவிதைத் தொகுப்புகளின் அட்டையிலும் பார்த்திருப்பீர்கள். வளைந்த இரண்டு கைகள், மேலே ஒரு குறுக்குத்தண்டு, நடுவே நாலைந்து கம்பி. லைரா. கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் அடையாளம். ஒழுங்கு, நாகரிகம், கவிதை என்று எத்தனையோ உயர்ந்த விஷயங்களுக்கு அதைச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். பொன்னிறத்தில் வரையப்படும் அந்தச் சின்னத்தில் ஒரு முக்கியமான பொருள் பெரும்பாலும் விட்டுப்போகிறது: அடியில் இருக்கவேண்டிய ஆமை.

கிரேக்கர்களுக்கு அது மறக்கவில்லை. அவர்கள் சொன்ன பிறப்புக் கதையில் பொன் கிடையாது. செத்த ஆமையின் ஓடு, மாட்டுத்தோல், ஆட்டுக்குடல், ஆற்றங்கரை நாணல், இவ்வளவுதான். செய்தவன் அப்பல்லோவும் இல்லை. பிறந்து அரைநாள்கூட ஆகாத ஒரு குழந்தை. அன்று சாயங்காலமே மாடு திருடப்போன குழந்தை.

கதை முழுமையாகக் கிடைப்பது ‘ஹெர்மிஸுக்குத் துதி’ என்ற 580 வரிப் பாடலில். ஹோமர் பெயரில் வழங்கும் துதித் தொகுப்பில் அது இருக்கிறது, ஆனால் ஹோமர் பாடியது அல்ல. கி.மு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. அதில் 41ஆம் வரியிலிருந்து 51ஆம் வரி வரை லைரா செய்யும் காட்சி. இந்தப் பதினோரு வரிகளைப் புராணம் என்று வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நிறுத்திப் படித்தால் அது ஒரு பட்டறைக் குறிப்பு. பாடியவர் கருவி செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

முதலில் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

கிரேக்கத்தின் ஆர்க்கேடியாவில் கில்லீனி மலை. அதில் ஒரு குகை. கடவுளரின் அரசன் ஜீயஸுக்கும் மாயா என்ற தேவதைக்கும் மாதத்தின் நான்காம் நாள் விடியலில் ஹெர்மிஸ் பிறக்கிறான். நண்பகலில் லைரா வாசிக்கிறான், மாலையில் அப்பல்லோவின் மாடுகளைத் திருடுகிறான். பாடலே இந்த வரிசையைத் தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. தொட்டிலை விட்டு இறங்கி வாசலைத் தாண்டும்போது ஓர் ஆமை புல் மேய்ந்துகொண்டு அசைந்து அசைந்து வருகிறது. குழந்தை அதைப் பார்த்துச் சிரிக்கிறான். ‘விருந்துக்குத் துணையே, இந்தப் பளபளக்கும் ஓட்டை எங்கே வாங்கினாய்?’ என்று கொஞ்சுகிறான். ‘உயிரோடிருந்தால் சூனியம் அண்டாமல் காப்பாய், செத்தால் அழகாகப் பாடுவாய்’ என்கிறான். ‘வீட்டுக்குள் இருப்பதே நல்லது, வெளியே ஆபத்து’ என்று ஒரு பழமொழியும் சொல்லி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறான். அந்தப் பழமொழியில்தான் அந்த ஆமையின் கதை முடிகிறது.

இனி வேலை. பாடல் சொல்லும் வரிசை இது: சாம்பல்நிற இரும்பு உளியால் ஆமையின் உயிரைக் குடைந்து எடுக்கிறான். நாணல் தண்டுகளை அளவாக வெட்டி, ஓட்டைத் துளைத்துப் பொருத்துகிறான். மாட்டுத்தோலைச் சுற்றி இழுத்துப் போர்த்துகிறான். இரண்டு கைகளைச் செருகுகிறான். கைகளின்மேல் குறுக்குத்தண்டை மாட்டுகிறான். ஆட்டுக்குடல் நரம்புகள் ஏழை இழுத்துக் கட்டுகிறான். கட்டி முடித்ததும் மீட்டுகோலால் ஒவ்வொரு நரம்பாகத் தட்டிப் பார்க்கிறான்.

இதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வதற்கு முன் ஒரு சொல் விளக்கம். தமிழில் லைராவை ‘யாழ்’ என்று எழுதுவது வழக்கம். நம் யாழின் உறுப்புப் பெயர்கள் இங்கே அப்படியே கைகொடுக்கும்: குடம் போன்ற பத்தர், அதைப் போர்த்தும் பச்சை என்கிற தோல், கோடு, நரம்பு, சுருதி சேர்க்கும் வார்க்கட்டான திவவு. ஆனால் கட்டுமானம் வேறு. யாழில் ஒற்றைக் கோடு வில்போல வளைந்து எழும், நரம்புகள் பத்தரிலிருந்து சாய்வாக மேலேறிக் கோட்டில் கட்டப்படும். லைராவில் கைகள் இரண்டு. நரம்புகள் தோலுக்கு இணையாகப் படுத்து ஓடி, வீணையில் இருப்பது போன்ற ஒரு குதிரையின்மேல் ஏறி, குறுக்குத்தண்டில் போய் முடியும். இந்த வேறுபாட்டால் தோலின்மேல் விழும் பாரமே மாறிவிடுகிறது. அதனால் இங்கே லைரா என்றே எழுதுகிறேன்.

இப்போது உளி.

ஆமையைச் சமைத்துத் தின்றவருக்குத் தெரியும், ஓட்டிலிருந்து சதையை எடுப்பது நத்தையை உருவுவது போல் அல்ல. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் மேலோட்டோடு ஒன்றாகவே வளர்ந்தவை. ஓட்டின் உட்புறம் நடுவே முதுகெலும்பு ஒரு வரப்பு மாதிரி நீளமாக ஓடும், இரு பக்கமும் விலாக்களின் அடிப்பகுதி சின்னச் சின்ன வளைவுகளாக எழும்பி நிற்கும். மேலோட்டையும் அடியோட்டையும் பக்கவாட்டில் இணைக்கும் எலும்புப் பாலங்களை முதலில் அறுக்கவேண்டும். பிறகு அந்த வரப்பை உளியால் சிறிது சிறிதாகச் சீவி எடுக்கவேண்டும். சுத்தியால் ஓங்கித் தட்டினால் எலும்புத் தகடுகள் சேரும் தையல் கோட்டில் ஓடு விரியும். இளம் ஆமையில் இந்தத் தையல்கள் இன்னும் இறுகியிருக்காது, அதனால் சின்ன ஓடு கருவிக்கு உதவாது. பாடலில் உளியைக் குறிக்கும் சொல் குடைவதற்கான கருவியையே குறிக்கிறது, வெட்டுக்கத்தியை அல்ல. குறிப்பாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வேகவைத்து எடுத்தால் சுலபமாயிற்றே என்று தோன்றும். அங்கேதான் தவறு நடக்கும். எலும்பின்மேல் நகம் போன்ற பொருளால் ஆன செதில்கள் ஒட்டியிருக்கின்றன. முதுகில் 13 பெரிய செதில்கள், விளிம்பைச் சுற்றிச் சிறியவை. கொதிநீரில் இட்டால் இவை கழன்று வந்துவிடும். செதில்களின் எல்லைக்கோடும் அடியில் உள்ள எலும்புத் தகடுகளின் எல்லைக்கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. செங்கல் சுவரில் ஒரு வரிசையின் இணைப்புக்கு மேல் அடுத்த வரிசையின் கல் வருவது போல மாறி மாறி வரும். ஓட்டின் பலமே அதில்தான். செதில் போனால் அழகும் போகும், பலமும் குறையும்.

கிரேக்கத்தில் இதற்கு ஏற்ற நில ஆமைகள் உண்டு. ஓட்டின் பின்விளிம்பு பாவாடை மாதிரி விரிந்திருக்கும் டெஸ்டுடோ மார்ஜினாட்டா பெரியது, 30 சென்டிமீட்டரைத் தாண்டும். டெஸ்டுடோ ஹெர்மனி சிறியது, 20 சென்டிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் நின்றுவிடும். இந்த ‘ஹெர்மனி’யைப் பார்த்து ஹெர்மிஸின் ஆமை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ராஸ்பர்கில் வாழ்ந்த இயற்கையியலாளர் யோஹான் ஹெர்மனின் பெயர்.

அடுத்தது நாணல். பதினோரு வரிகளில் அறிஞர்கள் அதிகம் சண்டை போட்ட இடம் இதுதான். நாணல் எதற்கு? கைகளைத் தாங்கும் சட்டம் என்று ஒரு சாரார், தோலைத் தாங்கும் விட்டம் என்று இன்னொரு சாரார். கருவியின் பாரத்தைக் கணக்குப் போட்டால் இரண்டாவது கருத்துக்கு வலு கூடுகிறது என்பது என் எண்ணம்.

கணக்கு எளிது. நரம்பின் நீளம் 45 சென்டிமீட்டர், தடிமன் 0.8 மில்லிமீட்டர், சுருதி விநாடிக்கு 200 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குடல் நரம்பை இழுத்துப் பிடிக்க ஏறக்குறைய 2 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். ஏழு நரம்புக்கும் சேர்த்தால் 15 கிலோ. குதிரையின்மேல் நரம்புகள் ஏறி இறங்கும் கோணத்தால் அதில் 3, 4 கிலோ நேராகத் தோலை அமுக்கும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இழுத்துக் கட்டிய தோல், நடுவில் 4 கிலோவை நாள் கணக்கில் சுமக்கவேண்டும். நாளாக ஆகத் தோல் குழிவிழும். குதிரை தாழும், நரம்பு தோலைத் தொடும், ஒலி செத்துப்போகும். குறுக்கே நாலு நாணல் விட்டம் கொடுத்தால் குழிவு நிற்கும். நாணல் லேசானது, உள்ளே கூடானது. மரக்கட்டை வைத்தால் தோலின் அதிர்வைத் தின்றுவிடும், நாணல் அப்படித் தின்னாது.

நாணலின் சங்கதி ஏதென்ஸ் மக்களுக்கு அன்றாட விஷயம். கி.மு. 405இல் அரங்கேறிய அரிஸ்டாஃபனீஸின் ‘தவளைகள்’ நாடகத்தில் தவளைகளே பெருமையடித்துக்கொள்கின்றன: லைராவுக்கு அடியில் வைக்கிற நாணலைத் தண்ணீரில் நாங்கள்தான் வளர்க்கிறோம், அதனால் அப்பல்லோவுக்கு எங்கள்மேல் பிரியம் என்று. பார்வையாளர்களுக்கு லைராவின் உள்கட்டு தெரிந்திருந்ததால்தான் அந்த வரி எடுபட்டிருக்கும்.

தோல் விஷயத்தில் கதையிலேயே ஓர் ஓட்டை. நண்பகலில் லைரா முடிந்துவிட்டது. மாடு திருடியது மாலையில். அப்படியானால் மாட்டுத்தோல் எங்கிருந்து வந்தது? துதிப்பாடல் வாயே திறக்கவில்லை. பழங்காலத்தவருக்கே இது உறுத்தியிருக்கிறது. அப்பல்லோடோரஸ் பெயரில் உள்ள புராணத் தொகுப்பு வரிசையைத் திருப்பிவிட்டது: முதலில் திருட்டு, பிறகு லைரா. நரம்பும் அறுத்த மாட்டின் குடலே என்று மாற்றிவிட்டது. சோஃபாக்ளிஸ் இன்னும் கெட்டிக்காரத்தனமாக, ஓட்டையையே நாடகமாக்கினார். அவருடைய ‘தடம் தேடுவோர்’ நாடகத்தின் சுமார் 400 வரிகள் எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் பாப்பிரஸ் சுருளில் கிடைத்து 1912இல் வெளியாயின. மாட்டைத் தேடிவரும் சேட்டர்கள் (பாதி மனிதர், பாதி விலங்கான காட்டுவாசிகள்) குகைக்குள்ளிருந்து வரும் ஒலியைக் கேட்டு மிரளுகிறார்கள். உயிரோடிருந்தபோது ஊமை, செத்தபின் குரல் வந்தது என்று கில்லீனி என்ற மலைத்தேவதை விடுகதை போடுகிறாள். என்ன பிராணி அது, நண்டா, கொம்பு வண்டா என்று அவர்கள் தடுமாறுகிறார்கள். கடைசியில் ஆமைதான் என்றும், அதன்மேல் மாட்டுத்தோல் போர்த்தியிருக்கிறது என்றும் தெரியவர, ‘தோல் இங்கே இருக்கிறதென்றால் மாட்டைத் திருடியவனும் இங்கேதான்’ என்று பிடித்துக்கொள்கிறார்கள். கருவியின் ஒரு பாகமே திருட்டுக்குச் சாட்சி. இந்தக் கதையின் எல்லா வடிவங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தோலை ஈரமாகத்தான் இழுக்கவேண்டும். ரோமம் நீக்கி, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, ஊறவைத்து, ஓட்டின் வாயில் போர்த்தி, விளிம்புத் துளைகள் வழியே வாரிட்டுக் கட்டவேண்டும். நிழலில் காயவேண்டும். காயக் காயத் தோல் சுருங்கித் தானே இறுகும். ஈரத்திலேயே முழு விறைப்பும் கொடுத்துவிட்டால் காயும்போது சுருக்கம் ஓட்டின் மெல்லிய விளிம்பைப் பிளந்துவிடும். தளரக் கட்டினால் மழைக்கால மத்தளம் மாதிரி மந்தமாகக் கேட்கும். வெயிலில் காயவைத்தால் ஓரம் முந்தி நடு பிந்திக் காய்ந்து கோணிக்கொள்ளும்.

பாடலில் தோலுக்குப் பிறகு கைகள் வருவதைச் சிலர் தவறு என்பார்கள். தோலைப் போர்த்துமுன் கைகளை வைத்துவிடுவதே வசதி என்பது உண்மை. ஆனால் ஆமையின் முன்கால்கள் வெளிவரும் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றனவே, அவை வழியாகப் பிறகும் செருகமுடியும். ஓடு தயாராகக் கொடுத்திருக்கும் துளைகள் அவை. கழுத்துப் பக்கம் மேலாகவும் வால் பக்கம் கீழாகவும் ஓட்டை நிமிர்த்திவைத்தால், கைகள் இரண்டும் ஆமை தன் முன்கால்களை உயர்த்துவது போல எழும். கைகள் மரத்தால் ஆனவை, கொம்பாலும் உண்டு. லிபியாவின் ஓரிக்ஸ் மானின் கொம்பு ஒருவகை லைராவின் கைகளுக்குப் பயன்பட்டது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். சின்னங்களில் காணும் அந்த வளைவுக்கு அழகு மட்டும் காரணமில்லை. ஏழு நரம்பும் சேர்ந்து குறுக்குத்தண்டைக் கீழே இழுக்கின்றன. கைகள் உள்பக்கம் வளைந்து முன்னால் சாய்ந்திருந்தால் தண்டு நழுவாமல் அமரும்.

நரம்புதான் இதில் கஷ்டமான வேலை. ஆடு அறுத்த சில மணி நேரத்துக்குள் சிறுகுடலை எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசவேண்டும், தாமதமானால் உள்ளேயே அழுகத் தொடங்கி வலு போய்விடும். மழுங்கிய விளிம்பால் வழித்து உள்சவ்வையும் வெளிக்கொழுப்பையும் நீக்கவேண்டும். கொழுப்பு மிஞ்சினால் நரம்பு நாளடைவில் கெட்டுப்போய் நாறும், ஒலியும் மங்கும். மரச்சாம்பல் கரைத்த காரநீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி வழிக்கவேண்டும். அதிகம் ஊறினால் கூழாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே இழைகளைச் சேர்த்து முறுக்கி, இழுத்துக் கட்டி நிழலில் உலர்த்தவேண்டும். ஐரோப்பாவில் இன்றும் பழைய பாணி வயலின்களுக்குக் குடல் நரம்பு முறுக்குகிறவர்கள் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறார்கள்.

51ஆம் வரியில் ஒரு பாடபேதம் உண்டு. கையெழுத்துப் பிரதிகள் ‘ஒத்திசைக்கும் ஏழு ஆட்டு நரம்புகள்’ என்கின்றன. பழங்கால எழுத்தாளரான கரிஸ்டஸ் ஊர் ஆன்டிகோனஸ் அதையே ‘பெண்ணாடுகளின்’ நரம்புகள் என்று மேற்கோள் காட்டுகிறார். கிடாவின் குடல் ஒலிக்காது, பெண்ணாட்டின் குடலே இனிமையானது, கவிக்கு இது தெரிந்திருந்தது என்பது அவர் விளக்கம். கிடாக் குடல் ஒலிக்காது என்பதை நான் ஏற்கமாட்டேன், ஆனால் ஒரு வரியை இப்படி நரம்புக்காரர் கண்ணோடு படித்த ஒருவர் அந்தக் காலத்திலேயே இருந்தார் என்பது மகிழ்ச்சியான விஷயம்.

லைராவில் எல்லா நரம்பும் ஏறக்குறைய ஒரே நீளம். விரலால் அமுக்கிச் சுரம் மாற்ற அடியில் தண்டியோ மெட்டோ இல்லை. ஆகவே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு, ஒவ்வொன்றுக்கும் வேறு தடிமன். ஏழு நரம்பின் பழைய அமைப்பில் நடுநரம்பைப் பொதுவாக வைத்து இரண்டு நால்சுரக் கோவைகள் சேர்ந்திருக்கும். நம் கணக்கில் முதல் நரம்பு ஷட்ஜம் என்றால் நடுநரம்பு சுத்த மத்திமம், கடைசி நரம்பு கைசிகி நிஷாதம். நடுநரம்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மெஸி’. பொருள்: நடுவில் இருப்பது. மத்திமம் என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான். முதல் நரம்புக்கும் கடைசி நரம்புக்கும் அதிர்வு விகிதம் 9க்கு 16. ஒரே விறைப்பில் இருக்கவேண்டுமென்றால் தடிமனும் அதே விகிதத்தில் தலைகீழாக வரவேண்டும். மெல்லிய நரம்பு 0.6 மில்லிமீட்டர் என்றால் தடித்தது 1.07. ஏழையும் ஒரே தடிமனில் போட்டால் ஒரு கோடியில் தொளதொளவென்று ஆடும், மறுகோடியில் அறுந்து தெறிக்கும்.

இன்னொரு குழப்பமும் புதியவர்களைத் தடுக்கி விழவைக்கும். மிகத் தாழ்ந்த சுருதி நரம்பின் பெயர் ‘ஹைபாட்டி’, அதாவது உச்சியில் இருப்பது. மிக உயர்ந்த சுருதிக்கு ‘நீட்டி’, அடியில் இருப்பது. சுருதியை வைத்து அல்ல, கருவியைச் சாய்த்துப் பிடிக்கும்போது நரம்பு இருக்கும் இடத்தை வைத்துச் சூட்டிய பெயர்கள் அவை. மூன்றாவது நரம்பு ‘லிகனோஸ்’, ஆள்காட்டி விரல். எந்த விரல் தொடுகிறதோ அதன் பெயர். வாசிக்கிறவரின் கை வைத்த பெயர்கள் இவை, இலக்கணக்காரர் வைத்தவை அல்ல.

சுருதி சேர்க்க முளையாணி கிடையாது, நம் யாழின் திவவு போல வார்க்கட்டுதான். கிரேக்கத்தில் அதன் பெயர் கொல்லோப்ஸ். மாட்டின் பிடரித் தோல் தடிமனானது, அதில் ஒரு துண்டைக் கொழுப்போடு நறுக்கி, நரம்பின் முனையோடு சேர்த்துக் குறுக்குத்தண்டில் சுற்றவேண்டும். அந்தச் சுருளைத் திருகினால் நரம்பு இறுகும், பசைப்பிடிப்பால் அங்கேயே நிற்கும். கொழுப்பு வற்றிக் காய்ந்த கொல்லோப்ஸ் ஒன்று திரும்ப மறுக்கும், அல்லது திடீரென்று நழுவும். ஹோமரின் ஒடிஸி காவியத்தின் 21ஆம் பாகத்தில், யாராலும் வளைக்கமுடியாத வில்லில் ஒடிஸியஸ் நாணேற்றும் காட்சி. பாட்டிலும் கருவியிலும் தேர்ந்தவன் ‘புதிய கொல்லோப்ஸில்’ நரம்பை எளிதாக இழுத்துக் கட்டுவது போல ஏற்றினான் என்கிறது. அந்தப் ‘புதிய’ என்ற சொல் சும்மா வந்ததல்ல. எத்தியோப்பியாவின் க்ரார் கருவியில் இன்றும் துணிப்பட்டைச் சுருளால் இதே வேலை நடக்கிறது.

மெஸியை முதலில் சேர்த்து, அதிலிருந்து மற்றவற்றை அளப்பதே முறையான வழி. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘பிரச்சினைகள்’ நூல் ஒரு கேள்வி எழுப்புகிறது: வேறு நரம்பு கலைந்தால் அந்த நரம்பு மட்டும் கலைந்ததாகக் கேட்கிறது, மெஸி கலைந்தால் ஏன் எல்லாமே கலைந்ததாகக் கேட்கிறது? தம்பூரா பிசகினால் கச்சேரி முழுவதும் பிசகுவதைக் கேட்டவருக்கு விடை தெரியும். குடல் நரம்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், முறுக்கும் தளரும். தோலும் அதே ஈரத்தில் தளரும். இரண்டும் சேர்ந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி ஓடிவிடும்.

இப்படி முடித்த லைராவைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ஹெர்மிஸ் பியேரியாவுக்குப் போய் அப்பல்லோவின் 50 பசுக்களைப் பின்னோக்கி நடத்தி ஓட்டிவந்தான். இரண்டை அறுத்தான். பிடிபட்டான், ஜீயஸ் முன் நிறுத்தப்பட்டான். மாடுகளைக் காட்டிக்கொடுக்கவேண்டிய கட்டத்தில் லைராவை எடுத்து வாசித்தான். கோபத்தோடு நின்ற அப்பல்லோ சிரித்துவிட்டார். ‘இது ஐம்பது மாடு பெறும்’ என்று அவரே விலை வைக்கிறார். கணக்கு அப்படியே நேராகிறது. லைரா அப்பல்லோவுக்கு, மாடு மேய்க்கும் உரிமையும் சாட்டையும் ஹெர்மிஸுக்கு. பிறகு மூன்று கிளைகொண்ட பொற்கோலும் வருகிறது. அப்பல்லோவின் லைராவும் ஹெர்மிஸின் கோலும், பின்னாளில் தனித்தனிச் சின்னங்களாகிவிட்ட இரண்டும், ஒரே பேரத்தில் கைமாறியவை.

கொடுக்கும்போது ஹெர்மிஸ் சொல்லும் பயிற்சிக் குறிப்புதான் பாடலின் மிக நுட்பமான இடம். லைராவை ஒரு பெண் தோழியாகப் பாவித்துச் சொல்கிறான். கலையும் அறிவும் கொண்டு மென்மையாகக் கேட்டால், மனத்துக்கு இனியவை எல்லாம் எளிதாகச் சொல்லித்தருவாள். தெரியாதவன் முரட்டுத்தனமாகக் கேட்டால் அந்தரத்தில் அர்த்தமில்லாமல் உளறுவாள். குடல் நரம்பை ஓங்கி இழுத்தால் அது தன் சுருதிக்கு மேலேறி, பிறகு கீழிறங்கி, பக்கத்து நரம்பிலும் மோதும். ‘உளறல்’ என்பதைவிடச் சரியான சொல் அதற்கு இல்லை.

லைரா என்ற கருவிவகையைக் கிரேக்கர் கண்டுபிடித்ததாக யாரும் நினைக்கவேண்டாம். மெசொப்பொத்தேமியாவின் ‘ஊர்’ என்ற நகரத்து அரச கல்லறைகளில் தொல்லியலாளர் லெனார்டு வூலி எடுத்த காளைத்தலை லைராக்கள் கி.மு. 2500ஐ ஒட்டியவை. கிரீட் தீவின் ஹாகியா திரியாதா கல்பெட்டி ஓவியத்திலேயே ஏழு நரம்பு லைரா இருக்கிறது, அது கி.மு. 1400 அளவில். நான்கு நரம்பை ஏழாக்கியவர் லெஸ்போஸின் டெர்பாண்டர் என்ற பழைய செய்தியை அந்த ஓவியமே கொஞ்சம் ஆட்டிவிடுகிறது. கிரேக்கருக்குச் சொந்தமானது ஆமையோட்டு லைரா. அரங்கில் தொழில்முறைக் கலைஞர்கள் வாசித்தது மரத்தால் ஆன பெரிய கித்தாரா. ஆமை லைராவின் குரல் சின்னது, அறைக்கும் விருந்துக்கும் பள்ளிக்கும் உரியது. பெர்லினில் உள்ள, டூரிஸ் என்ற ஓவியர் தீட்டிய கிண்ணத்தில், கி.மு. 480 அளவிலான பள்ளிக் காட்சியில், ஆசிரியரும் மாணவனும் ஆளுக்கொரு லைராவோடு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரிலும் லைராக்கள் தொங்குகின்றன.

அதே காலத்து வெண்பூச்சுக் கிண்ணம் ஒன்று டெல்ஃபி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பல்லோ ஒரு மடக்கு இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். வலக்கையால் தரையில் மது வார்க்கிறார், எதிரே ஒரு கருப்புப் பறவை. இடது கையில் லைரா. கூர்ந்து பாருங்கள், ஓட்டின் செதில்களை ஓவியர் புள்ளியும் கோடுமாகத் தனித்தனியே தீட்டியிருக்கிறார். கடவுளின் கையிலும் அது ஆமையாகவேதான் இருந்தது. மண்ணுக்குள்ளும் கிடைத்திருக்கிறது: இத்தாலியின் லோக்ரி கல்லறைகளில், கிரேக்கத்தின் ஆர்கோஸில், துளையிட்ட ஓடுகள். 1981இல் ஏதென்ஸின் டாஃப்னியில் தோண்டிய ஒரு கல்லறையில் ஆமையோட்டு லைராவின் எச்சம், ஹார்ப், குழல், எழுதுபலகைகள், பாப்பிரஸ் எல்லாம் ஒரே ஆளோடு கிடந்தன. அவை இப்போது பிரேயஸ் அருங்காட்சியகத்தில்.

வானத்திலும் ஒன்று உண்டு. கிரேக்கத்தின் கோடை இரவில் தலைக்குமேல் வெண்ணீலமாக மின்னும் வேகா, நம் மரபில் அபிஜித், லைரா விண்மீன் குழுவின் தலைநட்சத்திரம். அதன் கீழே சாய்சதுரமாக நாலு நட்சத்திரம். கிரேக்கக் கதைப்படி அப்பல்லோவிடமிருந்து ஆர்ஃபியஸ் என்ற பாடகருக்குப் போய், அவர் இறந்தபின் வானேறிய அதே லைரா. அந்தக் குழுவுக்குக் கிரேக்கர் வைத்த இன்னொரு பெயர் கெலிஸ். ஆமை.

இன்று செய்துபார்க்க விரும்புகிறவர்கள் ஆமையோட்டைத் தேடிப் போகவேண்டாம். கிரேக்க நில ஆமைகள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பவை, நம் நட்சத்திர ஆமைக்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. கடைந்த மரக்கிண்ணமோ முற்றிய பெரிய சுரைக்குடுக்கையோ போதும். வாய் 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுரை என்றால் கைகளின் பாரம் ஓட்டின்மேல் விழக்கூடாது, கைகளை உள்ளே நீளவிட்டு அடிமுனையில் ஒரு கட்டையில் சேர்த்துவிடவேண்டும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றிவந்து எழுதிய பௌசானியஸ் ஆர்க்கேடியாவில் மூன்று இடங்களில் இந்த ஆமைகளைக் குறிக்கிறார். கில்லீனிக்குப் பக்கத்தில் கெலிடோரியா என்ற மலை, ஹெர்மிஸ் ஆமையை உரித்தது அங்கேதான் என்று சொல்லிக்கொண்டார்கள். சோரோன் என்ற கருவாலிக் காட்டில் பெரிய ஆமைகள், இந்தியாவின் ஆமையில் செய்வதற்குக் குறையாத லைரா அவற்றில் செய்யலாம் என்கிறார். இந்திய ஆமையின் ஓடு அங்கே அளவுகோலாகும் அளவுக்குப் பேர் பெற்றிருந்திருக்கிறது. மூன்றாவது பார்தேனியன் மலை. அங்கும் லைராவுக்கு மிகப் பொருத்தமான ஆமைகள் உண்டு. ஆனால் அந்த மலைவாசிகள் அவற்றைப் பிடிப்பதில்லை, வெளியூர்க்காரர் பிடிக்கவும் விடுவதில்லை. அவை பான் என்ற ஆட்டிடையர் கடவுளுக்குச் சொந்தம் என்பது அவர்கள் நம்பிக்கை. பான், ஹெர்மிஸின் மகன்.